14 வயதுப் பெண்ணுக்கு ஓர் ஊசி!

உங்கள் வீட்டில் 14 வயதுப் பெண் இருக்கிறாளா? அண்ணன் வீட்டில், அக்காள் வீட்டில், பக்கத்து வீட்டில் இருக்கிறாளா? அப்படியானால் இந்தத் தலையங்கம் உங்களுக்குத்தான். தாய் படிக்கட்டும். தாய்க்குப் படிக்க வராவிட்டால் மகளே படித்துக் காட்டட்டும்.

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி, தமிழ்நாட்டுச் சட்டசபையில் பட்ஜெட் படிக்கப்பட்டது. அதில் ஓர் அறிவிப்பு இருந்தது. தமிழ்நாட்டில் 14 வயதான பெண் பிள்ளைகள் எல்லோருக்கும், கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி போடப்படும், படிப்படியாகப் போடப்படும், அதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்பதே அந்த அறிவிப்பு.

அன்று பட்ஜெட்டைப் படித்த நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு. அவருக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர் மாவட்டம், காரியாபட்டி தாலுகாவில் இருக்கிற ஊர். கரிசல் காட்டு ஊர். சொந்த ஊர்க்காரர் ஒருவர் சட்டசபையில் சொன்ன சேதி, மல்லாங்கிணற்றுத் தாய்மார்களின் காதில் விழுந்ததா? விடியுமுன் சோற்றுச் சட்டியுடன் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அதன் பொருள் விளங்கிற்றா? அதை விளக்கத்தான் இன்று எழுதுகிறோம்.

சொல்ல வெட்கப்படும் வியாதி

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தது என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. அந்த ஓர் ஆண்டில் இதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர்!

இறந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் வயதில் இருந்த பெண்கள். பிள்ளைகள் இன்னும் கரையேறியிருக்க மாட்டார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. அந்த நேரத்தில் தாய் படுக்கிறாள்.

ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்? வியாதி முற்றிய பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள். உதிரப் போக்கு என்றோ, வெள்ளைப்படுதல் என்றோ வாய் திறந்து சொல்ல நம் பெண்களுக்கு வெட்கம். புருஷனிடம் சொல்ல மாட்டார்கள். மாமியாரிடம் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று என்ற கவலை வேறு. வலி தாங்க முடியாமல் போகும்போது வியாதி வெகுதூரம் போயிருக்கும்.

இந்தப் புற்றுநோய் எதனால் வருகிறது? எச்.பி.வி. என்ற கிருமியால் வருகிறது. இதைக் கண்டு சொன்னவர் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ஹெரால்டு சுர் ஹௌசன். அதற்காக 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கிருமியில் பல வகை உண்டு. 16-ஆம் எண், 18-ஆம் எண் என்று பெயர் வைத்திருக்கும் இரண்டு வகைகள்தான் மிகப் பொல்லாதவை. உலகில் உண்டாகும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 இந்த இரண்டாலும் வருகிறது.

கணவன் மனைவி உறவின் வழியாக இந்தக் கிருமி தொற்றுகிறது. உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். நடத்தை கெட்டவர்களுக்கு வரும் வியாதி என்று நினைத்தால் அது தப்பு. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கும் கணவன் மூலமாக இது வரலாம். மிகப் பலருக்கு வந்து, வந்தது தெரியாமலேயே இரண்டு வருஷத்துக்குள் போய்விடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடும். தங்கிய கிருமி 15, 20 வருஷம் கழித்துப் புற்றாக மாறும்.

அதனால்தான் கிருமி வருமுன்னே, சிறு வயதிலேயே ஊசி போடச் சொல்கிறார்கள். வந்த கிருமியை இந்த ஊசி விரட்டாது.

மருந்து இல்லாத பட்டாசு!

அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது? இங்கேதான் அதிசயம்!

பட்டாசு வேலை தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பட்டாசுக்கு உயிர் எது? உள்ளே இடிக்கும் மருந்து. வெளியே இருப்பது காகிதக் குழாய். குழாயைச் சுற்றி, ஒட்டி, மேலே வண்ணத் தாளும் ஒட்டிவிட்டால் பார்வைக்குப் பட்டாசுதான். மருந்து இடிக்காவிட்டால், திரி செருகாவிட்டால், அது எப்படி வெடிக்கும்? குழந்தை கையில் கொடுத்தாலும் பயமில்லை.

இந்த ஊசியில் இருப்பதும் அப்படிப்பட்ட வெற்றுக் கூடுதான். எச்.பி.வி. கிருமிக்கு மேலே ஓர் ஓடு உண்டு. ஓட்டுக்குள்ளேதான் கிருமி பெருகுவதற்கான சரக்கு இருக்கிறது. விஞ்ஞானிகள் அந்தச் சரக்கைத் தொடவே இல்லை. ஓட்டை மட்டும் செய்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. ஆகவே இந்த ஊசியால் நோய் வரவே வராது. உயிருள்ள கிருமியும் இதில் இல்லை; செத்த கிருமியும் இல்லை.

அந்த ஓடு புரதத்தால் ஆனது. பருப்பிலும் முட்டையிலும் இருக்கிறதே, அந்தச் சத்தின் இனம்தான். ஐந்து புரதங்கள் சேர்ந்து ஐந்து இதழ்ப் பூப்போல் ஆகின்றன. அப்படி 72 பூக்கள் சேர்ந்தால் ஓர் உருண்டை. மொத்தம் 360 புரதங்கள். யாரும் கையால் சேர்க்க வேண்டாம். புரதங்களைத் தகுந்த நிலையில் விட்டால், தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி உருண்டையாகிவிடும். தீப்பெட்டி தானே மடிந்து தானே ஒட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி!

உருண்டை எவ்வளவு சிறியது? ஒரு தலைமயிரின் குறுக்கே ஆயிரம் உருண்டைகளுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். இவ்வளவு சிறிய துகள்களுக்கு நானோ துகள்கள் என்று பெயர்.

உருண்டையாக ஏன் செய்ய வேண்டும்? வெறும் புரதத்தைக் கரைத்து ஊசியாகப் போட்டால் போதாதா? போதாது. நம் உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் சில அந்தக் காவல் வேலையைச் செய்கின்றன. உதிரியாக ஒரு புரதம் மிதந்தால் அவர்கள் அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரே மாதிரியான முகம் வரிசை வரிசையாக அடுக்கி வந்தால்தான் "எதிரி வந்துவிட்டான்" என்று எழுந்து நிற்கிறார்கள். அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். பிற்காலத்தில் நிஜக் கிருமி வரும்போது வாசலிலேயே மறித்துவிடுகிறார்கள்.

1991-ல் ஆஸ்திரேலியாவில் இந்தக் கூட்டை முதலில் செய்து பார்த்தவர்களில் இயன் பிரேசர் ஒருவர். இன்னொருவர் சீனாவில் பிறந்த ஜியான் சூ. கூடை முடைவதுபோல் பொறுமையாகச் செய்த வேலை. ஜியான் சூ 1999-ல் இறந்து போனார். 2006-ல்தான் ஊசி உலகத்துக்கு வந்தது. அவர் கண்ணால் காணவில்லை.

புரதத்தைச் செய்து கொடுப்பது யார்? ஈஸ்ட்! பன் மாவையும் ரொட்டி மாவையும் பொங்கச் செய்கிறதே, அந்த நுண்ணுயிரின் இனம். ஓட்டுப் புரதம் செய்யும் கட்டளையை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அது தின்று வளர்ந்து புரதத்தைக் குவிக்கிறது.

உங்கள் பிள்ளை ஏற்கெனவே போட்டுக்கொண்டது

"புதுச் சரக்கு, நம் பிள்ளை மேல் சோதிக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த அன்றே தொடையில் ஓர் ஊசி போடுகிறார்கள் அல்லவா? அதில் ஒன்று ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் நோய்க்கான ஊசி. அதுவும் இந்த ஜாதிதான். ஈஸ்ட் செய்து கொடுத்த வெற்றுப் புரத உருண்டை.

1981-ல் அமெரிக்காவில் வந்த முதல் ஹெப்படைட்டிஸ் பி ஊசியை, அந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்தார்கள்! ரத்தமே வேண்டாம் என்று 1986-ல் ஈஸ்ட் முறை வந்தது. அப்போதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. ஏழைக்கு எட்டாத விலை. 1997-ல் ஐதராபாத்தில் வரப்பிரசாத் ரெட்டி என்பவர் அதை நம் நாட்டிலேயே செய்தார். கம்பெனிக்குத் தம் தாயார் சாந்தாவின் பெயரை வைத்திருந்தார். விலை மளமளவென்று இறங்கியது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. அந்த ஐந்தில் ஹெப்படைட்டிஸ் பி-யும் உண்டு. ஆகவே இன்றைய 14 வயதுப் பெண்ணின் உடம்புக்கு இந்த இன ஊசி புதிதல்ல.

இப்போது ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஒரு கூட்டின் மேல் வேறொரு கிருமியின் துண்டை ஒட்டி விடுகிறார்கள். ஹெப்படைட்டிஸ் பி கூட்டின் மேல் மலேரியாக் கிருமியின் துண்டை ஒட்டிய ஊசியைப் புனாவில் தயாரிக்கிறார்கள். 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சிபாரிசு செய்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போகிறது. இயற்கையில் எங்குமே இல்லாத கூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதைப் புரதத்தால் செய்து, அதன் மேல் கொரோனாக் கிருமியின் துண்டை ஒட்டினார்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். அந்த ஊசிக்குத் தென் கொரியா 2022 ஜூனில் அனுமதி கொடுத்தது. கம்ப்யூட்டரில் புரதம் வரையும் வித்தைக்காக டேவிட் பேக்கர் 2024-ல் நோபல் பரிசு வாங்கினார்.

நம் கதைக்குத் திரும்புவோம்.

அம்பிலிக்கை சொன்ன சேதி

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிலிக்கை என்று ஓர் ஊர். சிறிய ஊர். ஆனால் உலகத்து டாக்டர்கள் இந்த ஊரின் பெயரை அறிவார்கள்.

2009-ல் இந்தியாவில் பல ஊர்களில் எச்.பி.வி. ஊசி ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. அம்பிலிக்கையும் அதில் ஒன்று. மூன்று ஊசி போட வேண்டுமா, இரண்டு போதுமா என்று பார்ப்பதே நோக்கம். 17 ஆயிரத்து 729 பெண்கள் சேர்ந்தார்கள். 2010 ஏப்ரலில் சர்க்கார் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டது. பாதியில் நின்றது! ஏறத்தாழ 4,950 பெண்களுக்கு ஒரே ஒரு ஊசிதான் போட்டிருந்தது.

டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அந்தப் பெண்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். பெண்கள் வளர்ந்தார்கள். கல்யாணம் ஆயிற்று. பிள்ளை பெற்றார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு கணக்குப் பார்த்தால், ஒற்றை ஊசி போட்டவர்களுக்கும் 16, 18 வகைக் கிருமி தங்காமல் நூற்றுக்கு 95 பங்கு பாதுகாப்பு இருந்தது. மூன்று ஊசி போட்டவர்களுக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்ல! 2021-ல் இந்த முடிவு அச்சில் வந்தது. 2022-ல், ஓர் ஊசியே போதும் என்று திட்டம் போடலாம் என உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதற்கு ஆதாரமாக நின்றவற்றில் நம் பெண்கள் தந்த இந்தக் கணக்கும் ஒன்று. இன்று உலகில் பல ஏழை நாடுகள் மூன்று ஊசிச் செலவில் மூன்று பெண்களைக் காப்பாற்றுகின்றன. ஒட்டன்சத்திரத்துக் கிராமப் பெண்கள் கையை நீட்டியதற்குக் கிடைத்த பலன் இது. அவர்களை யாரும் மேடை ஏற்றி மாலை போடவில்லை.

பிற நாடுகளில் பலன் கண்ணால் பார்க்கும்படி வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் வளர்ந்த பிறகு கணக்கெடுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை! 2024-ல் வெளியான கணக்கு இது.

நம் நாட்டிலும் புனாவில் சீரம் நிறுவனம் இந்த ஊசியைச் செய்கிறது. 2023 ஜனவரியில் வெளிவந்தது. கடையில் ஓர் ஊசி 2 ஆயிரம் ரூபாய் என்று விலை வைத்தார்கள். கூலிக்குப் போகிற வீட்டில் 2 ஆயிரம் ரூபாய் என்பது ஒரு மாத அரிசிக் காசு. ஆகவே சர்க்கார் ஊசி வேண்டும் என்கிறோம்.

கையெழுத்துப் போடுமுன்

2010-ல் ஆராய்ச்சியை ஏன் நிறுத்தினார்கள்? அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்தால் புரளி வளரும்.

அப்போது ஆந்திராவிலும் குஜராத்திலும் வேறொரு திட்டத்தில் பெண்களுக்கு இந்த ஊசி போட்டு வந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு பெண்கள் இறந்து போனார்கள். நாடே கொதித்தது. விசாரணை நடந்தது. ஒரு பெண் நீரில் மூழ்கி இறந்திருந்தாள். ஒரு பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. பூச்சி மருந்து குடித்ததும் உண்டு, மலேரியாவும் உண்டு. சாவுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் தெரியவில்லை.

ஆனால் வேறொரு தப்பு வெளிப்பட்டது. ஆந்திராவில் பல பெண்களுக்குப் பெற்றோரின் சம்மதமே வாங்கவில்லை. விடுதிப் பெண்களுக்கு விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார்! 2013-ல் பாராளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது சரி. ஊசி நல்லது என்பதற்காகப் பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையின் கையில் குத்தலாமா?

ஆகவே, தாய்மார்களே, பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதத் தாள் வந்தால் மடித்து வைத்துவிடாதீர்கள். "டீச்சர் கேட்டார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். மகளுக்கு ஏற்கெனவே ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதைச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடம் வலிக்கும், வீங்கும். சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். சில பெண்களுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். அதனால் போட்டபின் கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். உட்கார வைக்காமல் அனுப்பினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"இதைப் போட்டால் பிள்ளை பிறக்காது" என்று ஒரு புரளி எல்லா ஊரிலும் உலவுகிறது. 2006 முதல் உலகில் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அம்பிலிக்கைப் பெண்களும் பெற்றார்கள்.

தாய்க்கு என்ன?

மகளுக்கு ஊசி. தாய்க்கு? தாய்க்குச் சோதனை.

30 வயதான பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். காடி போன்ற ஒரு திரவத்தைக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிஷத்தில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் மேல் சோதனை. தெரியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். கத்தி இல்லை, பெரிய மெஷின் இல்லை.

இந்தச் சோதனை பலிக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியதும் திண்டுக்கல் மாவட்டம்தான்! 2000-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் 31 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை இப்படிப் பார்த்தார்கள். சோதனைக்கு அழைத்த ஊர்களில், அழைக்காத ஊர்களைவிட இந்தப் புற்றுநோய்ச் சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. 2007-ல் முடிவு வெளிவந்தது. ஆனால் அழைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவே இல்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. அந்த வராதவர்களைத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சர்க்காருக்கு இரண்டு வார்த்தை

ஊசியைப் பள்ளிக்கூடத்தில் போட்டால் பள்ளிக்கூடத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கிடைக்கும். பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு? எட்டாவதோடு நின்று, தம்பியைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் பட்டாசுக் குழாய் சுற்றும் பெண்ணுக்கு யார் போடுவது? அவளுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் இராது. கிராம நர்சின் கையில் வீட்டுக்கு வீடு கணக்கு இருக்கிறது. 14 வயதான பெண்களின் பெயரை அதிலிருந்து எடுக்க வேண்டும். பள்ளிப் பட்டியலை மட்டும் வைத்து வேலை முடிந்தது என்று எழுதக் கூடாது.

தாய்மார்களின் சோதனையைக் காலை பத்து மணிக்கு வைத்தால் விருதுநகர் மாவட்டத்தில் யார் வருவார்கள்? வேன் விடியற்காலையில் போய்விடுகிறது. பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் வேலை செய்யும் பெண்களுக்குச் சோதனை நாளில் அரை நாள் சம்பளத்துடன் லீவு கொடுக்க முதலாளிகள் முன்வர வேண்டும். முடியாது என்றால், ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்தைத் திறந்து வையுங்கள். சோதிப்பது பெண் நர்சாக இருக்கட்டும். மறைவுக்கு ஒரு திரை, உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர்.

மல்லாங்கிணற்றில் அடுத்த முறை கிராம நர்சு உங்கள் தெருவுக்கு வரும்போது, தாய்மார்கள் நேராகக் கேளுங்கள்: "எங்கள் ஊருக்கு அந்த ஊசி என்றைக்கு? என் மகள் பெயர் எழுதியாயிற்றா? எனக்குச் சோதனை எந்தக் கிழமை?"